மதகு இல்லாத வீதி

சபை உறுப்பினராக உறுதிமொழி எடுத்து ஒரு மாதம் முடிவதற்குள் யாராவது ஒருவர் உங்களிடம் வந்து ஒரு வீதி கேட்டிருப்பார். தெருவிளக்குக் கேட்பவரும் வருவார், பொதுக்கிணறு இறைத்துத் தரக் கேட்பவரும் வருவார். அவர்களுக்கு ஏதோ ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடலாம். வீதி கேட்டு வருபவரை அப்படி அனுப்ப முடியாது. அந்த வீதியால் நீங்களும் போய் வந்திருப்பீர்கள், மாரியில் அதே சேற்றில் சைக்கிளோடு விழுந்தும் எழும்பியிருப்பீர்கள். அதுவும் போக, போட்டு முடித்த வீதி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். திறப்பு விழாக் கல்லில் உங்கள் பெயரும் இருக்கும்.

எங்கள் பிரதேச சபைக்குப் புதிதாகத் தெரிவான உறுப்பினர்கள் நீங்கள் ஐந்து பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். "டீச்சர், நீங்கள் மூண்டு வருசம் தவிசாளரா இருந்தனீங்கள். எங்களுக்கு ஏதும் எழுதித் தாங்கோவன்" என்று கேட்டீர்கள். சட்டமும் நடைமுறையும் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். பாதீடு என்கிற வரவு செலவுத் திட்டம் எப்படி நிறைவேறும், குழுக்கள் எப்படிக் கூடும் என்பதெல்லாம் அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் ஒரு வீதி போட்டதையும், அதே வீதியை என் கண் முன்னால் வெட்டச் சொன்னதையும் எழுதுகிறேன். மூன்று வருடத்தில் நான் கற்றதில் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது.

முதலில் நான் எப்படி வந்தேன் என்று சொல்லவேண்டும். நான் முன்பள்ளி ஆசிரியை. விசுவமடுவுக்குக் கிட்ட ஒரு குடியிருப்பில், தகரக் கூரைக்குக் கீழே முப்பது பிள்ளைகளை வைத்துப் படிப்பித்தவள். என் தாயும் தகப்பனும் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தும் செடி கவ்வாத்து வெட்டியும் இருந்து, கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். எங்கள் ஆட்களுக்கு இங்கே கிடைத்தது பெரும்பாலும் வாய்க்கால் தண்ணீர் ஏறாத காணி, இல்லாவிட்டால் மாரித் தண்ணீர் இறங்காத காணி. எங்கள் குடியிருப்பு இரண்டாவது வகை. வடக்கே காடும் ஒரு சின்னக் குளமும். தெற்கே கிறவல் மண் போட்ட ஒரு வீதி. வீதிக்கு அந்தப் பக்கம் கொலனி. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காணி பெற்ற குடும்பங்களின் வயல்கள் அங்கேதான் இருக்கின்றன. அவர்களுக்கு வயல் இருந்தது, எங்களுக்கு அந்த வயலில் கூலி வேலை இருந்தது. வீட்டில் ஒரு தமிழும், வீதியைக் கடந்தால் இன்னொரு தமிழும் பேசித்தான் நான் வளர்ந்தேன்.

பெண்களுக்கு இடம் ஒதுக்கவேண்டும் என்று சட்டம் வந்தபோது கட்சி என் பெயரையும் பட்டியலில் போட்டது. தவிசாளர் தெரிவன்று எங்கள் அணியில் மூத்தவர்கள் இருவர் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று என்னை முன்மொழிந்தார்கள். எதிரணியில் ஜெயசீலன். நாலு தேர்தல் பார்த்தவர், எதைப் பேசினாலும் ஆவணத்தோடு பேசுகிறவர். எங்கள் இருவருக்கும் சம வாக்குகள் விழுந்தன. திருவுளச்சீட்டுப் போட்டார்கள். தெரிவை நடத்திய உள்ளூராட்சி ஆணையாளர் இரண்டு கடதாசித் துண்டுகளை மடித்துப் பெட்டிக்குள் போட்டு ஒன்றை எடுத்தார். அதில் என் பெயர் இருந்தது.

அன்று தொடக்கம் "சீட்டு விழுந்து வந்தவா" என்பது என் பட்டப்பெயராயிற்று. சந்தியில் தேத்தண்ணீர்க் கடையிலும் அதுதான், சபையின் நடைகூடத்திலும் அதுதான். எல்லோர் கண்ணும் திறக்கிறமாதிரி ஒன்றைச் செய்து காட்டவேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு வெறி இருந்தது. அந்த வெறியைப் பொதுச்சேவை என்று நான் நினைத்துக்கொண்டேன். உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். இருப்பது பிழையில்லை. அது இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள், அவ்வளவுதான்.

என் கண்ணில் பட்டது எங்கள் குடியிருப்புக்கும் கொலனிக்கும் நடுவே போகும் அந்தக் கிறவல் வீதி. மாரியில் காட்டுத் தண்ணீர் எங்கள் காணிகளுக்குள்ளால் வந்து, வீதியை இரண்டு இடத்தில் மேவிப் பாய்ந்து, வயல்களுக்குள் இறங்கிப் போய்விடும். அந்த மூன்று நாலு நாளும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைப்பேற்று வலி வந்த பெண்ணைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். கொலனிக்காரருக்கும் நெல்லு ஏற்றிய உழவு இயந்திரம் புதையும். ஆகவே வீதியை உயர்த்திக் கொங்கிறீட் போடுவதில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனது. அப்படி ஒத்துப்போனது அபூர்வம். நிதியும் கிடைத்தது.

எங்கள் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் துஷ்யந்தன் என்ற இளைஞர். வட்டக்கச்சிப் பையன், வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான். அவர் வரைபடத்தோடு என் அறைக்கு வந்தார்.

"மேடம், வீதி உயருது. அப்ப தண்ணி மேவிப் போற ரெண்டு இடத்திலயும் வீதிக்குக் கீழால தண்ணி போக மதகு வேணும். மதிப்பீட்டைத் திருத்தி அனுப்பினால் ரெண்டு மாதம் பிடிக்கும்."

அது புரட்டாதி மாதம். இரண்டு மாதம் பிடித்தால் வருடம் முடிந்துவிடும், நிதி திரும்பிப் போய்விடும். நான் சொன்னேன், "இப்ப வீதியைப் போடுவம். மதகை வாற வருசம் வேற நிதியில போடலாம்."

"அதுவரைக்கும் தண்ணி எங்கால போறது, மேடம்?"

"இத்தனை வருசம் போன தண்ணிக்கு வழி தெரியாதோ?"

நான் சிரித்துக்கொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் சபையின் செயலாளர் நின்றா. ஓய்வுக்குக் கிட்டிய வயது, குரல் உயர்த்தாத மனுசி. ஆறு தவிசாளர்களைப் பார்த்தவா. அவா கேட்டா: "மதகு இப்ப வேண்டாம் எண்டுற முடிவை எழுத்தில தாறீங்களோ? கோப்பில போட்டு வைக்கிறன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என்னை நம்பாமல் கேட்கிறா, சீட்டு விழுந்து வந்தவள் என்று மட்டமாக நினைக்கிறா என்றுதான் எனக்குப் பட்டது. "எல்லாத்துக்கும் எழுத்து என்னத்துக்கு மிஸ்? நான் சொல்லுறன்தானே" என்றேன். அவா தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனா. துஷ்யந்தன் மதகு இல்லாத மதிப்பீட்டில் தன் கையெழுத்தைப் போட்டார். வீதி வருட முடிவுக்குள் இடுப்பளவு உயரத்தில் எழும்பியது. திறப்பு விழாவுக்கு மேளம் பிடித்தோம். கல்லில் என் பெயர். என் தாய் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தா.

அடுத்த வருடம் மதகுக்கு நிதி கேட்டேனா என்றால், இல்லை. அந்த வருடம் வேறு வட்டாரத்தில் சந்தைக்குக் கூரை கேட்டார்கள், விளையாட்டு மைதானம் கேட்டார்கள். மதகு கேட்டு ஒருவரும் வரவில்லை. கேட்டு வராத வேலை மனதில் நிற்காது. அந்த மாரியும் பெரிதாகப் பெய்யவில்லை. நான் சொன்னது சரிதான் என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

மூன்றாவது வருடம் கார்த்திகை கடைசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் விடியற்காலை தொலைபேசி அடித்தது. எங்கள் குடியிருப்பின் முத்துலெட்சுமி அக்கா. நான் படிப்பித்த பிள்ளை ஒன்றின் தாய்.

"டீச்சர், அடுப்படிக்குள்ள தண்ணி வந்திருச்சு. எங்க பக்கம் மட்டுந்தான் ஏறுது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வயலு சும்மா கெடக்கு. என்னா டீச்சர் இது?"

என்ன என்று அவாவுக்குத் தெரியாது. எனக்குக் கட்டிலில் இருந்தபடியே தெரிந்துவிட்டது. கல்யாணம் கட்டிய பிறகு நான் சந்திக்குக் கிட்ட மேட்டுக்காணியில் இருந்தேன். கணவர் மோட்டார் சைக்கிளை எடுக்க, அரை மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தோம்.

வீதியில் ஏறி நின்று பார்த்தேன். இடது பக்கம் கொலனி வயல். நெல்லு குடலைப் பருவத்தில், கதிர் உள்ளே நின்று வெளியே வரக் காத்திருக்கிற நேரம். வலது பக்கம் மண்ணிறத் தண்ணீர், முன்பள்ளியின் படியை மூடி, வீடுகளின் யன்னலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. நடுவே நான் போட்ட வீதி, ஈரமாக, வெடிப்பில்லாமல், மிக நேர்த்தியாகக் கிடந்தது. ஒரு குளக்கட்டு எப்படித் தண்ணீரை மறித்துப் பிடிக்குமோ அப்படிப் பிடித்திருந்தது. அறுபது குடும்பங்கள் அந்தக் குளத்துக்குள்.

எழும்ப முடியாத இரண்டு முதியவர்களைக் கதவுப் பலகையில் வைத்து வீதிக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தைகளும் ஆடுகளும் வீதியில்தான். குளத்தைப் பார்க்கிற உத்தியோகத்தர் செய்தி அனுப்பியிருந்தார்: மத்தியானத்தோடு குளம் நிரம்பி வான் பாயும். அந்தத் தண்ணீரும் வந்தால் கூரைதான் மிச்சம்.

எங்கள் இளைஞர்கள் அலவாங்கோடு வந்து வீதியின் நடுப்பகுதியைக் கொத்தத் தயாராக நின்றார்கள். அதைக் கண்டு கொலனியிலிருந்து முப்பது நாற்பது பேர் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். அங்கே வெட்டினால் முழுத் தண்ணீரும் ஒரே அடியாக வயலுக்குள் போகும். குடலை நெல்லு இரண்டு நாள் மூழ்கினால் அந்தப் போகம் முடிந்தது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே முப்பது அடி தூரம். நான் படிப்பித்த ஒரு பெட்டையின் தகப்பன் என் கையைப் பிடித்தான். "நம்ம ஆளு நீங்க. வெட்டுங்கடான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்."

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நிமிடம் என் ஆட்கள் என்னைத் தூக்கி வைத்திருப்பார்கள். அடுத்த நிமிடம் அலவாங்கும் மண்வெட்டியும் ஆட்கள் மேல் பட்டிருக்கும். இதை நான் அந்த நேரம் இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். கையை விடுவித்துக்கொண்டு, துஷ்யந்தன் வருகிறாரா என்று பார்த்தேன்.

துஷ்யந்தன் முழங்கால் வரை சேற்றோடு வந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு இடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கிழக்கால, பழைய ஓடை வீதியில முட்டுற இடத்தில வெட்டலாம் மேடம். அங்கால கொலனியின்ர வயல் தண்ணி வடியிற கழிவு வாய்க்கால் இருக்கு. ஓடைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில ஒரு ஆளின்ர வயல் மட்டும்தான். அது போகும். மற்ற வயல் தப்பும். ஆனால் மண் தோண்டுற எங்கட பெக்கோ மெசின் வேணும், பத்தைக்காட்டை வெட்டித் தண்ணிக்கு வழி எடுக்க வேணும். ரெண்டு மணித்தியாலம் செல்லும்."

"ஆருடைய வயல்?"

"சிற்றம்பலத்தார்."

சிற்றம்பலம் ஐயா கொலனி விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர். எழுபதைத் தாண்டிய மனிதர். என் தகப்பன் அவருடைய வயலில் பல போகம் கூலிக்கு நின்றவர். நான் தவிசாளரான பிறகும் அவர் என்னைப் "பிள்ளை" என்றும் "நீர்" என்றும்தான் பேசுவார். அது பாசத்தாலா பழக்கத்தாலா என்று எனக்கு ஒருபோதும் விளங்கவில்லை.

செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். பெக்கோ மாங்குளப் பாதையில் விழுந்த மரம் ஒன்றை அகற்றிக்கொண்டு நின்றது. "இப்பவே திருப்புறன்" என்றா.

பிறகு எங்கள் ஆட்களிடம் போனேன். இரண்டு மணித்தியாலம் பொறுங்கள் என்றேன். அந்த இரண்டு மணித்தியாலத்தில் எத்தனை பேருடைய அரிசி, எத்தனை பிள்ளைகளின் புத்தகம் போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஒருவன் என் காலடியில் காறித் துப்பினான். முத்துலெட்சுமி அக்காதான் முன்னுக்கு வந்து, "டீச்சர் சொன்னா ஒரு காரணம் இருக்கும். வாங்கடா, ஆடு மாட்ட மொதல்ல ஏத்துவோம்" என்று அவர்களை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினா. அவாவுடைய வீட்டில் அப்போது யன்னலளவு தண்ணீர்.

சிற்றம்பலம் ஐயாவை நான் கூப்பிட்டு விடவில்லை. நடந்து போனேன். கொலனிக் கூட்டத்துக்கு நடுவே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். என்னோடு ஒருவரையும் கூட்டிப்போகவில்லை. கணவர் வரப் பார்த்தார், வேண்டாம் என்றேன்.

"என்ன பிள்ளை, றோட்டை வெட்டப் போறீரோ?"

"ஓம் ஐயா. ஆனால் இதில இல்லை. கிழக்கால, ஓடையடியில."

அவர் முகம் மாறியது. "அது என்ர வயல்."

"ஓம். அதைத்தான் கேக்க வந்தனான்."

சுற்றி நின்றவர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். அவர் கையைக் காட்டி அடக்கினார். "நீர் தவிசாளர். பொலிசைக் கொண்டுவந்து வெட்டலாமே. என்னட்டை ஏன் கேக்கிறீர்?"

அந்தக் கேள்விக்கு நான் எதுவும் தயார் செய்துகொண்டு போகவில்லை. அதனால் உண்மைதான் வந்தது.

"ஐயா, இந்த வீதிக்கு ரெண்டு மதகு வேணும் எண்டு எங்கட உத்தியோகத்தர் அப்பவே சொன்னவர். நான்தான் வேண்டாம் எண்டனான். காசு திரும்பிப் போயிடும் எண்டு அவசரப்பட்டிட்டன். இண்டைக்கு இந்தத் தண்ணி நிக்கிறது என்னால. என்ர பிழைக்கு உங்கட வயலைக் கேக்கிறன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கிழக்கே தன் வயல் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை ஏன் முந்திச் சொல்லேல்லை?"

"பயம், ஐயா."

அவர் சாக்கை எடுத்துப் பிழிந்து மறுபடி போட்டார். பக்கத்தில் நின்றவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கினார். "என்ர வரம்பை நான்தான் வெட்டுவன். வேற ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்று சொல்லிவிட்டுக் கிழக்கே நடக்கத் தொடங்கினார். கொலனி ஆட்கள் சிறிது நேரம் நின்றுவிட்டு, ஒவ்வொருவராக அவருக்குப் பின்னால் போனார்கள்.

பெக்கோ ஒன்பது மணிக்கு வந்தது. ஓரத்து மண்ணைத் தோண்டிக் கொங்கிறீட்டை உடைத்தபோது வந்த சத்தத்தை நான் மறக்கமாட்டேன். தண்ணீர் முதலில் கயிறு போல வந்தது, பிறகு மாட்டுக்கூட்டம் போல. சிற்றம்பலம் ஐயாவும் அவருடைய ஆட்களும் வரம்புகளை இடையிடையே வெட்டிக் கழிவு வாய்க்காலுக்கு வழிவிட்டார்கள். அவர் தன் நெல்லுக்குள் மார்பளவு தண்ணீரில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்குக் குளம் வான் பாய்ந்தபோது குடியிருப்பில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. ஒருவரும் சாகவில்லை. கோழிகள் போயின, சில மாடுகள் போயின. அவருடைய வயல் முழுதும் போயிற்று.

இந்த இடத்தில் நான் கதையை நிறுத்தினால் உங்களுக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணம் வரும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்கவேண்டும்.

ஒரு கிழமைக்குள் சபை கூடியது. ஜெயசீலன் எழும்பி, மதகு இல்லாமல் வீதி போட அனுமதித்தது யார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோப்பைத் திறந்தால் அங்கே இருந்தது ஒரே ஒரு கையெழுத்து. துஷ்யந்தனுடையது. கூட்டத்துக்கு முதல் நாள் கட்சியின் பெரியவர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் பிடித்திருந்தார்.

"வெள்ளத்தில நல்லா வேலை செய்தனீங்கள். இனிக் கதையாதேங்கோ. அது தொழில்நுட்ப விசயம், தொழில்நுட்ப ஆள் பதில் சொல்லட்டும்."

சிற்றம்பலம் ஐயாவுக்கு முன்னால் மழையில் சொன்னதை, மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்து என்னால் சொல்ல முடியவில்லை. "விசாரணை நடக்கும்" என்றேன். வீதியில் நான் சொன்னதைக் கேட்ட நாற்பது பேரில் ஒருவரும் சபைக்குள் இல்லை. ஓரத்தில் நின்ற துஷ்யந்தன் தலை குனிந்தார். அவரை வேலையிலிருந்து இடைநிறுத்த எழுதவேண்டும் என்று இரண்டு உறுப்பினர்கள் பேசினார்கள். அவர்கள் எங்கள் அணிக்காரர். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

அன்று பின்னேரம் துஷ்யந்தன் என் அறைக்கு வந்தார். என்னைத் திட்ட வருகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மேடம், நீங்கள் யோசியாதேங்கோ. கையெழுத்துப் போட்டது நான். மாட்டன் எண்டு நான் சொல்லியிருக்கலாம்தானே."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதனால்தான் அது எனக்கு ஆபத்தான சொல். அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பியிருக்கலாம். பதினொரு நாள் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பதினொரு நாளும் சாப்பாடு இறங்கியது, கூட்டங்களுக்குப் போனேன், நிவாரண உலர் உணவு கொடுத்துப் படம் எடுத்தேன். மனச்சாட்சி ஆளைத் தூங்கவிடாது என்று சொல்வார்கள். நான் நன்றாகத் தூங்கினேன். தங்கைமாரே, தம்பிமாரே, அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பிழை செய்த ஆளுக்கு உள்ளுக்குள் மணி அடிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். அடிக்காமலும் போகும்.

பன்னிரண்டாம் நாள் நிவாரணப் பட்டியலில் கையெழுத்து வாங்க முத்துலெட்சுமி அக்கா சபைக்கு வந்தா. நடைகூடத்தில் துஷ்யந்தனைக் கண்டு, "தம்பி, அன்னிக்கி நீங்க அந்த எடத்தக் காட்டலன்னா நாங்க இல்ல" என்று அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதா. ஆணையாளர் அலுவலகத்தின் இடைநிறுத்தக் கடிதம் அவருடைய மேசையில் அன்று காலைதான் வந்திருந்தது. அவர் அவாவுக்கு ஒன்றும் சொல்லாமல், கையை இழுக்காமல் நின்றார். நான் என் அறை வாசலில் நின்று பார்த்தேன்.

கதவைச் சாத்திவிட்டு எழுதினேன். உத்தியோகத்தர் இரண்டு மதகுகள் வேண்டும் என்று சொன்னார், தவிசாளராகிய நான் வாய்மொழியாக மறுத்தேன், அடுத்த வருடமும் நிதி கோரவில்லை, பொறுப்பு என்னுடையது. ஒரு பக்கம்கூட வரவில்லை. செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தா. திகதி முத்திரை குத்தினா.

"நான் அண்டைக்கு எழுத்தில கேட்டது உங்களை மாட்ட இல்லை" என்றா. "பேனையைக் கையில எடுத்தால் ஆக்கள் ஒருக்கா நிண்டு யோசிப்பினம். அதுக்குத்தான்."

கடிதத்தைக் கோப்பில் போட்டுக் கட்டினா.

துஷ்யந்தனின் இடைநிறுத்தம் நீங்கியது. என் அணிக்குக் கோபம். மார்கழியில் நான் சமர்ப்பித்த பாதீட்டுக்கு எதிராக எங்கள் ஆட்களே இருவர் கை தூக்கினார்கள். இரண்டாம் தரமும் தோற்றது, அப்படித் தோற்றால் தவிசாளர் பதவி இழப்பார் என்ற சட்டப்படி என் பதவி தானாகவே போயிற்று. அடுத்த தேர்தலுக்குக் கட்சி எனக்கு இடம் தரவில்லை. அந்தத் தேர்தலும் தள்ளித் தள்ளிப் போனது. அந்தக் காலமெல்லாம் வீதியில் வெட்டிய இடத்தில் கிறவலும் இரண்டு சீமெந்துக் குழாய்களும்தான். மதகு வேண்டிய மற்ற இடத்துக்கு அதுவும் இல்லை.

நான் மறுபடி முன்பள்ளிக்குப் போனேன். ஆனால் மதகு என் வேலையாகவே கிடந்தது. இந்த முறை தேர்தல் முடிந்து ஜெயசீலன் தவிசாளராக வந்ததும் மதகு கேட்டு ஒரு மகஜர் எழுதிக்கொண்டு வீதியின் இரண்டு பக்கமும் வீடு வீடாகப் போனேன். முதல் கையெழுத்து முத்துலெட்சுமி அக்கா. இரண்டாவதுக்குச் சிற்றம்பலம் ஐயா வீட்டுக்குப் போனேன். கதிரை எடுத்துப் போட்டார். மகஜரை வாசித்துவிட்டுப் பேனை கேட்டார்.

"நான் உங்களுக்கு வோட்டுப் போட்டதில்லை, டீச்சர். இந்தமுறை நீங்கள் தேர்தலில நிண்டிருந்தாலும் போட்டிருக்க மாட்டன்."

"தெரியும் ஐயா."

"அது வேற, இது வேற" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவர் என்னை டீச்சர் என்றதும் நீங்கள் என்றதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பொதுமக்கள் நாளில் சபைக்குப் போய் இலக்கத் துண்டு எடுத்து, மற்றவர்களோடு வரிசையில் இருந்தேன். மூன்று வருடம் நான் இருந்த அறைக்கு முன்னால்தான் காத்திருப்பவர்கள் இருக்கிற அந்த வாங்கு. அதில் இருந்து பார்க்கும்போது தவிசாளரின் கதவு எவ்வளவு நேரம் சாத்தியிருக்கிறது என்று தெரிகிறது. நீங்களும் ஒரு நாளைக்கு அதில் இருந்து பாருங்கள். ஜெயசீலன் என்னைக் கண்டு வெளியே வந்து, "டீச்சர், நீங்கள் ஏன் இதில?" என்று உள்ளே கூப்பிட்டார். என் துண்டுக்கு முன்னால் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அவர்கள் முடியட்டும் என்றேன். என் முறை வந்ததும் மகஜரை வாசித்தார். அதோடு கோப்பிலிருந்து என் பழைய கடிதத்தையும் எடுத்து வைத்தார். "இது இருக்கிறதால வேலை சுகம். ஏன் வேணும் எண்டு நான் புதுசா நிரூபிக்கத் தேவையில்லை" என்றார். எதிரணியில் இருந்து என்னைக் கேள்வி கேட்ட அதே குரல்.

இரண்டு மதகுகளும் இந்த மாரிக்கு முன்னால் முடிந்தன. வடிவமைத்தது துஷ்யந்தன். கல்லில் யாருடைய பெயர் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. ஜெயசீலனுடையதாகத்தான் இருக்கும், அதுதான் முறை.

முதல் பெருமழை பெய்த அன்று காலை முன்பள்ளியைப் பத்து மணிக்கு விட்டுவிட்டு வீதிக்குப் போனேன். வடக்குப் பக்கம் நின்று பார்த்தேன். காட்டிலிருந்து வந்த தண்ணீர் எங்கள் காணிகளுக்குள்ளால் வந்து மதகின் வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு குடை தெரிந்தது. சிற்றம்பலம் ஐயா, தன் வயல் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டும் மழையில் அவர் என்னைக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். திரும்பாமலே சத்தமாகக் கேட்டார்:

"டீச்சர், அங்கால உள்ளுக்குப் போகுதோ?"

"ஓம் ஐயா, போகுது."

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து மதகின் அடியைப் பார்த்தார். பிறகு குடையை நிமிர்த்தினார்.

"இங்கால வருகுது."